பழங்கறிச் சட்டியின் மேல் ஒரு கரித்துண்டு

அந்தக் காலத்தில் காகம் பேசும், பூனை பேசும், மழைக்கு முன்னால் தவளைகூட நாலு வார்த்தை நியாயமாகப் பேசும். மனிதர்கள்தான் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அதில் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் கிடையாது.

அப்போது ஒரு பெரிய குளத்துக்கு இக்கரையில் பிச்சம்மை என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் வண்டியோட்டிப் பிழைப்பவன், பாதி நாள் வீட்டில் தங்க மாட்டான். பெற்றது இரண்டும் பெண். மூத்தவள் கோமு, பால்பல் விழுகிற வயதில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். பெரியவர்கள் செத்தால் எரிப்பார்கள், சின்னப் பிள்ளைகளை எரிக்க மாட்டார்கள். கோமுவையும் குளத்தங்கரையில் ஓர் உடைமரத்தடியில் குழிவெட்டிப் புதைத்தார்கள். இளையவள் வடிவு வளர்ந்து ஆளாகி, குளத்துக்கு அக்கரையில் இருக்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

பிச்சம்மை சமையலில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. பொங்கலன்று அவள் வைக்கிற சாம்பாரை வாயில் வைத்தவர்கள் பேசாமல் உப்பைத் தேடுவார்கள். ஆனால் பொங்கலுக்கு மறுநாள் அவள் வைக்கிற பழங்கறிக்கு ஊரே வந்து நிற்கும். மீந்த சாம்பார், மீந்த அவியல், கூட்டு, புளிக்கறி, பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டுவாள். கொஞ்சம் புளித்தண்ணீரும் இடித்த மிளகும் சேர்த்து, சின்னத் தீயில் வைத்துச் சுண்டச் சுண்டக் கிளறுவாள். சேனை எது, சிறுகிழங்கு எது, வாழைக்காய் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நிற்கும். வடிவு சின்ன வயதில் பொங்கல் சோற்றை வேண்டாவெறுப்பாகத் தின்றுவிட்டு, மறுநாள் விடிவதற்காகக் காத்திருப்பாள்.

ஒரு வருஷம் மழை பொய்த்துப்போனது. குளம் வறண்டு தரை வெடித்தது. பொங்கல் வருகிற நேரத்தில் வடிவு முழுகாமல் இருந்தாள். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு எதைத் தின்றாலும் உள்ளே தங்கவில்லை. கஞ்சியும் நிற்கவில்லை, தண்ணீரும் நிற்கவில்லை. பொங்கல் கழிந்த மறுநாள் விடியற்காலையில் காகம் அக்கரையிலிருந்து பறந்து வந்து பிச்சம்மை வீட்டுக் கொல்லைச் சுவரில் உட்கார்ந்து சேதி சொன்னது. வடிவு பாயோடு பாயாகக் கிடக்கிறாள், இப்படியே போனால் வயிற்றுப் பிள்ளை தங்காது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள், அம்மா வைக்கிற பழங்கறி இருந்தால் ஒரு வாய் இறங்கும் என்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டுக் காகம் இரை தேடப் போனது.

பிச்சம்மை அடுக்களைக்கு ஓடிப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தாள். பஞ்சத்துப் பொங்கலில் என்ன மீந்துவிடும்? சாம்பார் அடிச்சட்டியில் கிடந்தது. அவியல் ஒரு கை தேறும். மற்றதெல்லாம் வழித்து நக்கிய பாத்திரங்கள். எல்லாம் சேர்த்தால் சட்டியின் அடி நனையும், அவ்வளவுதான்.

வீட்டின் உள்ளறையில் விளக்கின் முன்னால் ஓர் இலை இருந்தது. பொங்கலன்று செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைத்து, இரவு முழுக்க விளக்கின் முன்னால் விட்டு, மறுநாள் காலையில் அதை எடுத்துக் காகத்துக்கு வைப்பது வழக்கம். பிச்சம்மை வருஷம் தவறாமல் கோமுவுக்கு இலை போடுவாள். அந்தப் பஞ்சத்திலும் அவளுக்குக் குறை வைக்கவில்லை. தங்கள் இலையில் குறைத்துக்கொண்டு அவள் இலையில் நிறைய வைத்திருந்தாள். அவியல், கூட்டு, புளிக்கறி, கோமுவுக்குப் பிடித்த சிறுகிழங்குப் பொரியல் எல்லாம் அங்கே தொடாமல் இருந்தன.

பிச்சம்மை அந்த இலையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், செத்தவளுக்கு என்ன பசி, உயிரோடு இருக்கிறவளுக்குத்தானே பசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இலையோடு தூக்கி வந்து எல்லாவற்றையும் சட்டியில் வழித்துப் போட்டாள்.

சட்டி கொதிக்கத் தொடங்கியபோது காகம் திரும்பி வந்தது. இலை எங்கே என்று கேட்டது. வைத்தாகிவிட்டது, அணில் வந்து தின்றுவிட்டுப் போய்விட்டது என்று பிச்சம்மை கூசாமல் பொய் சொன்னாள். காகம் தலையைச் சாய்த்துச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தது. சிறுகிழங்கு மிதப்பதைப் பார்த்துவிட்டது.

"பிச்சம்மை, அவளுக்கு வச்சதை நான் தின்னாத்தான் அவ பசி அடங்கும்," என்றது காகம். "நான் தின்னலன்னா அவளே வந்து தின்பா. சட்டி எங்க போவுதோ, அங்க அவளும் வருவா."

பிச்சம்மை கரண்டியை எடுத்துக் காட்டிக் காகத்தை விரட்டினாள். அவளுக்கு அப்போது வடிவைத் தவிர வேறு நினைப்பில்லை.

கறி சுண்டி முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது. சட்டியின் வாயில் வாழையிலையைப் போட்டு நாரால் கட்டித் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டாள். வண்டியோடு புருஷன் எங்கேயோ போயிருந்தான். கரையைச் சுற்றிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். வறண்ட குளத்துக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். உச்சிவேளையில் அந்தக் குளத்துக்குள் யாரும் இறங்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இறங்கினாள்.

குளத்துக்குள் ஒரு சத்தமும் இல்லை. வெடித்த வண்டல் மேல் மாவுபோலப் புழுதி படிந்து கிடந்தது. பாதிக் குளம் வந்ததும் தலையில் இருந்த சட்டி இலேசானது போலத் தோன்றியது. வெயில் மயக்கம் என்று நினைத்து நடந்தாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னும் இலேசானது. இறக்கி வைத்துப் பார்த்தாள். இலை கட்டியபடியே இருந்தது, நார் அவிழவில்லை. அவிழ்த்துப் பார்த்தபோது கறி நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. கெட்டியாகச் சுண்டிய கறியின் மேல், வழித்துத் தின்ற அடையாளமாக, சின்னச் சின்ன விரல்களின் தடம் பதிந்திருந்தது.

பிச்சம்மை இலையை மறுபடி கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள். உச்சி வெயிலில் அவளுடைய நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இன்னொரு நிழல் மட்டும், சாயங்கால வெயிலில் விழுவது போல, மெல்லிசாக நீண்டு கூடவே வந்தது. அந்த நிழலுக்கு ஆள் இல்லை. புழுதியில் அவள் பாதத்தின் பக்கத்தில் ஒரு குழந்தைப் பாதம் பதிந்து பதிந்து வந்தது.

"யம்மா, மெதுவாப் போ," என்றது ஒரு குரல். "என்னால ஓட முடியல."

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. விழுந்த பல்லின் இடைவெளியில் காற்று போகிற அதே பேச்சு. பிச்சம்மைக்குப் பயத்தை விட அழுகைதான் முதலில் வந்தது. கோமு, கோமு என்று வாய்விட்டுச் சொன்னாள். எங்கே வருகிறாய் மக்கா என்று கேட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்கு. சட்டி அங்கதானே போவுது," என்றது குரல். "அவ வயித்துல எனக்கு இடம் இருக்கு."

பிச்சம்மை நடையை நிறுத்திவிட்டாள். செத்த பிள்ளை திரும்பி வந்து பிறக்க வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. கோமுவின் முகத்தோடு ஒரு பேத்தி வந்தால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். ஒரு நொடி அவள் மனசு சந்தோஷத்தில் குதித்தது.

"அங்க ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்குல்ல, மக்கா?"

"இருக்கு. ரொம்பச் சின்னது. அதை வெளிய தள்ளிட்டு நான் படுத்துக்கிடுவேன்."

குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பாயில் தங்கச்சியை நகர்த்திவிட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்வது போலத்தான் சொன்னது. அதனால்தான் பிச்சம்மைக்குப் பயம் பிடித்தது. வடிவு இருக்கிற நிலையில் வயிற்றுப் பிள்ளை வெளியே வந்தால் அவளும் பிழைக்க மாட்டாள். வேண்டாம் மக்கா, வீட்டுக்குப் போ, இலை நிறைய வைக்கிறேன் என்று கெஞ்சினாள். நிழல் கூடவே வந்தது. சட்டி இன்னும் இலேசானது.

அக்கரையை நெருங்குகிற இடத்தில், குளத்துக்குள் ஆட்டுக்கிடை போட்டிருந்த இடையர்கள் சோறு பொங்கிவிட்டுப் போன அடுப்பு ஒன்று கிடந்தது. மூன்று கல், நடுவில் சாம்பல், பாதி எரிந்து அணைந்த கட்டைகள். பாதை அதை ஒட்டித்தான் போனது. பிச்சம்மை அதைத் தாண்டியபோது பக்கத்தில் வந்த காலடி விலகியது. புழுதியில் பார்த்தாள். சின்னப் பாதங்கள் அந்த அடுப்பைத் தொடாமல் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கத்தில் காத்து நின்றன.

"ஏன் மக்கா சுத்திப் போற?" என்று கேட்டாள்.

"அங்க கரி கிடக்கு. அது எரிஞ்சு முடிஞ்சது. அது கிடக்கிற இடத்துக்கு நான் வர முடியாது."

பிச்சம்மைக்கு விளங்கிவிட்டது. எரிக்கப்பட்டவர்களின் பசியைத் தீ உடம்போடு சேர்த்துத் தின்றுவிடுகிறது. புதைத்த பிள்ளைக்கு அந்தத் தீ கிடைக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாகியும் கோமுவுக்குப் பசி அடங்கவில்லை. எரிந்து முடிந்த கரி எதன் மேல் இருக்கிறதோ அதை அவளால் தொட முடியாது.

தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். சட்டியை இறக்கிவிட்டு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கரித்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் அழுதாள். அப்புறம் அதைச் சட்டியின் மேல், கட்டிய இலையின் நடுவில் வைத்தாள்.

"யம்மா, அதை எடுத்துப் போடு."

"மாட்டேன் மக்கா."

"என் இலையில இருந்ததுதானே அது?"

"ஆமா. உன் இலையில இருந்ததுதான். உன்னைத் தெரிஞ்சேதான் ஏமாத்திட்டேன்."

"என்னை ஏன் எரிக்கல? எரிச்சிருந்தா பசிக்காதுல்ல?"

"சின்ன உடம்பு. நெருப்புல வைக்க யாருக்கும் மனசு வரல, மக்கா."

புழுதியில் சின்னப் பாதங்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தன. பிச்சம்மை சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"சரி, நீ போ," என்றது குரல். "தங்கச்சி தின்னுட்டு மீதி இருந்தா கொண்டா. நான் இங்கனயே நிக்கேன்."

பிச்சம்மை நடந்தாள். காலடி பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கரியை எடுத்து எறிந்துவிடுவோம் என்று பயந்து, அக்கரை ஏறுகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பவே இல்லை.

வடிவு எழுந்து உட்கார்ந்து பழங்கறியைத் தின்றாள். ஒரு வாய் இறங்கியது, இன்னொரு வாய் இறங்கியது, எதுவும் வெளியே வரவில்லை. விரலால் சட்டியை வழித்து வழித்துத் தின்றாள். கொஞ்சம் மீதி வைக்கச் சொல்லலாமா என்று பிச்சம்மைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளுடைய கன்னத்தில் இரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. இலை மேல் எதற்கு இந்தக் கரி என்று வடிவு கேட்டாள். வழியில் காத்து கருப்பு அண்டாமல் இருக்க என்று பிச்சம்மை சொன்னாள். அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

வெயில் தாழ்ந்து திரும்புகையில் அவள் குளத்துக்குள் இறங்கவில்லை. கரை மேலேயே நடந்தாள். ஆனாலும் அந்த அடுப்பு கிடந்த இடம் அங்கிருந்து தெரிந்தது. சுற்றிலும் புழுதியில் வந்த தடங்கள் அப்படியே கிடந்தன. ஓரிடத்தில் மட்டும், ஒரு பிள்ளை கால் மாற்றி மாற்றி வெகுநேரம் நின்றது போல, மண் குழிந்து கிடந்தது. போன தடம் எந்தப் பக்கமும் இல்லை.

மாதம் நிறைந்து வடிவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை நன்றாக இருந்தான். மறுவருஷப் பொங்கலுக்குப் பிச்சம்மை ஒரு பெரிய இலை நிறையப் படைத்து, மறுநாள் விடிந்ததும் அதைக் கொல்லையில் கொண்டுவந்து வைத்தாள். காகம் வந்து தின்றது. கோமுவுக்குப் பசி அடங்கியதா என்று அவள் கேட்டாள். அது அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு வெறுமனே கரைந்தது. அதற்கப்புறம் எந்தக் காகமும் எந்த மனிதரோடும் பேசியதில்லை. குளம் மறுபடி நிறைந்தது. அந்த மூன்று கல் தண்ணீருக்குள் போய்விட்டது.

அன்று முதல்தான், விருந்தில் மீந்ததை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பாத்திரத்தின் மேல் ஒரு கரித்துண்டை வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் காத்து கருப்பு அண்டாமல் இருக்க என்பார்கள். முதன்முதலில் அப்படி அண்டாமல் நின்றது, அம்மா மீதி கொண்டுவருவாள் என்று நம்பிய ஒரு குழந்தை.