இரண்டு சாக்பீஸ் வட்டங்கள்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. இப்படியும் ஒரு குருகுலம், கட்டி முடியாத ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நடந்துகொண்டிருந்தது.

குருவின் பெயர் நிலோஃபர். முழுக் கட்டடத்தையும் முதலில் கம்ப்யூட்டரில் கட்டிவிட்டு, ஒரு கண்ணாடி வழியாக அதை நிஜக் கட்டடத்தின் மேலேயே பார்க்கிற வித்தையைச் சொல்லிக்கொடுக்க வந்தவள். சீடர், சைட் இன்ஜினியர் திருவேங்கடம். அந்தக் கண்ணாடியை மாட்டினால் சுவருக்குள் போகும் குழாயும் தளத்துக்குள் கிடக்கும் கம்பியும் வண்ண வண்ணமாகத் தெரியும். முதல் நாள் மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார்.

இன்று அந்தக் குஷியெல்லாம் இல்லை. ஒரு குழாய்க்காகத் தளத்தில் துளை போட வேண்டும். உள்ளே விறைப்பாக இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள்கள் ஓடுகின்றன. துளை போடும் மெஷின் பட்டு ஒன்று அறுந்தால் தளத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். மெஷினைப் பிடித்திருப்பவன் கதி அவ்வளவுதான்.

பிடிக்கப்போகிறவன் வனராஜ். மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

“சார், குறி போட்டுத் தந்தீங்கன்னா ஆரம்பிச்சிருவேன்.”

“இருப்பா, இரு.”

திருவேங்கடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூணில் இருந்த கட்டம் போட்ட ஸ்டிக்கரைப் பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் கண்ணாடி அந்த ஸ்டிக்கரை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். உடனே தரையில் கேபிள்கள் சிவப்புக் கோடுகளாக விரிந்தன. இரண்டு கோடுகளுக்கு இடையே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

“மேடம், சரியா இருக்குமா?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“கண்ணாடி தெளிவாத்தான் காட்டுது. மனசுதான் கேக்க மாட்டேங்குது.”

நிலோஃபர் மறுகோடியில் இருந்த தூணைக் காட்டினாள்.

“அந்த ஸ்டிக்கரைப் பார்த்துட்டு வந்து, இன்னொரு வட்டம் போடுங்க.”

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது சிவப்புக் கோடுகள் ஒரு சாண் தள்ளித் தெரிந்தன. அதில் ஒன்று, சற்று முன் அவர் போட்ட வட்டத்துக்குள்ளேயே ஓடியது. இரண்டாவது வட்டத்தைப் போடுவதற்குள் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

“இதுல எது மேடம் சரி?”

“ரெண்டுமே வேணாம். வனராஜ் அண்ணே, மெஷினை எடுத்து ஓரமா வைங்க. தளத்தை ஸ்கேன் பண்றவங்க வந்து கேபிள் நிஜமா எங்கே ஓடுதுன்னு பார்க்கட்டும்.”

பிறகு அவரிடம் திரும்பினாள்.

“முதல் தூண்ல ஸ்டிக்கரை ஒட்டினது யாரு?”

“சர்வேக்காரங்க அளந்துதான் மேடம்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

போன வாரம் முதலாளி பார்க்க வருகிறார் என்று அந்தத் தூணுக்கு அவசர அவசரமாக வெள்ளை அடித்தார்கள். பெயிண்ட் பட்டுவிடப் போகிறதே என்று ஸ்டிக்கரைப் பதமாக உரித்து எடுத்து வைத்ததும் அவர்தான், காய்ந்ததும் திரும்ப ஒட்டியதும் அவர்தான். ஓரத்தில் இருந்ததைக் கொஞ்சம் நகர்த்தி, தூணின் நடுவில், பார்க்க லட்சணமாக ஒட்டினார். அன்றைக்கு அது ஒரு விஷயமாகவே அவருக்குப் படவில்லை.

வனராஜ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மெஷினைத் தூக்கிப் போனான். அவன் முதுகைப் பார்க்கப் பார்க்கத் திருவேங்கடத்துக்கு அழுகை முட்டியது. கண்ணாடியைக் கழற்றி நிலோஃபரிடம் நீட்டினார்.

“இனிமே இதை எப்படி மேடம் நம்புறது?”

அவள் கை நீட்டி வாங்கவில்லை.

“அது உங்களை நம்பித்தான் சார் காட்டுச்சு.”