ஊதுபத்தி கண்டுபிடித்த ஓட்டை

கோவையில் ஒரு பட்டறை. தலைமை மெக்கானிக் ராஜசேகர், தன் வெள்ளைச் சட்டை கசங்காமல் ஆட்களை ஏவியே, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு வேறு இன்ஜின் மாற்றி வைத்தார். ஆக்ஸிலேட்டரில் காலே வைக்காவிட்டாலும் அது ஓவென்று கத்தியது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மூன்று நாளாக இன்ஜினோடு லேப்டாப்பை இணைத்து நோண்டியும் கத்தல் அடங்கவில்லை.

"எங்கேயோ திருட்டுத்தனமா காத்து உள்ளே போகுதுங்க," என்றார் பாகங்கள் கழுவும் பொங்கியண்ணன்.

ராஜசேகருக்குச் சுர்ரென்றது. "அப்படியா? ஸ்பேனரைத் தொடாமக் கண்டுபிடி பார்ப்போம். தொட்டா வேலை போச்சு!"

"சரிங்க." சாமி படத்தின் முன் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து வந்து, ஓடும் இன்ஜினைச் சுற்றி மெதுவாகக் காட்டினார்.

"இன்ஜினுக்குப் பூசையா?" பட்டறையே சிரித்தது.

ஓரிடத்தில் புகை சட்டென்று வளைந்து உள்ளே போனது. இன்ஜின் மாற்றும்போது ராஜசேகர் மூடச் சொல்ல மறந்த குழாய் வாய் அது. பொங்கியண்ணன் கட்டைவிரலால் அடைத்தார். கத்தல் அடங்கி, இன்ஜின் பூனை மாதிரி முனகியது.

"சரி சரி, மூடியைப் போட்டு இறுக்கு!" என்றார் ராஜசேகர்.

"இறுக்க ஸ்பேனர் வேணுமுங்களே. நான் தொட்டா வேலை போயிருமுங்க. நீங்களே வாங்க, அதுவரைக்கும் விரலை எடுக்காமப் பிடிச்சுக்கறேன்."

அன்றுதான் முதல் முறையாக ராஜசேகரின் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் பட்டது.