முதல் கவளம்

கோத்தகிரிக்கு அப்பால், தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு தியான இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் கமலவேணி. உபதேசம் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். சில சமயம் அதையும் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அங்கே சமையலைப் பார்த்துக்கொண்டவர் நாச்சிமுத்து. பொள்ளாச்சியில் பேக்கரி வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு கடையை மூடிவிட்டு மலையேறி வந்தார். தன்னைவிட வயதில் சிறியவரான கமலவேணியைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

இல்லத்தில் பலருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் காலை உணவுக்கு நாச்சிமுத்து சர்க்கரை போடாத ஒன்றைப் பழக்கியிருந்தார். ஓட்ஸைப் பாலில் ஊறவைப்பார். கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்ப்பார். ஆப்பிளையும் பேரிக்காயையும் துண்டு போட்டுக் கலந்து, பட்டைத் தூள் தூவி ஓவனில் வைப்பார். மேல்பக்கம் லேசாகச் சிவந்ததும் தட்டோடு கூடத்துக்கு எடுத்து வருவார். வாசனைக்கே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் கமலவேணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேசினார்.

அவருக்கு ஊட்டுகிற வேலையை நாச்சிமுத்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் காலை, ஓட்ஸில் கிடந்த ஆப்பிள் துண்டு ஒன்று சரியாக வேகவில்லை. அது கமலவேணியின் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது. சத்தமே வரவில்லை. கண்கள் பெரிதாயின. உதடு நீலம் பாரித்தது. நாச்சிமுத்து கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். கால் நகரவில்லை, வாய் திறக்கவில்லை.

இல்லத்தில் இருந்த ரெஜினா முன்பு நர்ஸாக வேலை பார்த்தவர். அவர்தான் ஓடி வந்து, குருவை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கித் தட்டினார். துண்டு வெளியே வந்து விழுந்தது. கமலவேணி மூச்சை இழுத்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

அன்றிலிருந்து நாச்சிமுத்துவைப் பயம் பிடித்துக்கொண்டது.

ஓவனை அவர் மறுபடி பற்றவைக்கவில்லை. ஓட்ஸைக் காய்ச்சி, மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் போல ஆக்கினார். பழங்களைச் சாறு பிழிந்து அதையும் வடிகட்டினார். குருவுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அதே கஞ்சி என்றானது. யாராவது ரொட்டியைக் கடித்தால் அவர்களுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கமலவேணி பகலில் கண்ணயர்ந்தால் கதவோரம் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று கவனித்தார்.

கஞ்சியைக் குடிக்கும்போதெல்லாம் கமலவேணிக்கு இருமல் வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் நாச்சிமுத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தார். குருவின் கன்னம் ஒட்டிப்போனது. பிறகு ஒரு நாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் வந்தது.

பார்க்க வந்த டாக்டர், விழுங்கும் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் கஞ்சி டம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதை யார் கொடுக்கச் சொன்னாங்க?"

"நான்தானுங்க," என்றார் நாச்சிமுத்து. "தண்ணியா இருந்தா அடைக்காதுன்னு."

"அடைக்காது. ஆனா தண்ணியாப் போறது சட்டுனு மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடும். நெஞ்சுல சளி கட்டுறது அதனாலதான். கட்டி இல்லாம, உதிராம, ஈரமா ஒண்ணாச் சேர்ந்து இருக்கணும். நல்லா நிமிர்ந்து உட்கார வைங்க. தாடையைத் தாழ்த்தச் சொல்லுங்க. சின்னக் கரண்டி. ஒரு வாய் முழுசா இறங்கின பிறகு அடுத்த வாய்."

 துண்டாகக் கொடுத்தும் கொல்லப் பார்த்தோம், காப்பாற்றப் போயும் கொல்லப் பார்த்தோம் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரெஜினா பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினார்.

"அண்ணா, நீங்க பழையபடி அந்த ஓட்ஸ் செய்ங்க. பழத்தை மட்டும் நல்லா வேகவச்சு மசிச்சிட்டாப் போதும். அவங்க சொன்ன பதம் அதுதான்."

"என்னால முடியாதும்மா. நீ செய். நீயே ஊட்டு."

"நான் செய்றேன். ஆனா அம்மா உங்களைக் கூப்பிடறாங்க."

கமலவேணி கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. நாச்சிமுத்து தள்ளியே நின்றார்.

"எனக்கு வேற வேலை கொடுங்கம்மா. விறகு வெட்டறேன். கக்கூஸ் கழுவறேன். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"கரண்டியை எடுத்தாலே அன்னிக்கு உங்க முகம் இருந்த மாதிரியே கண்ணு முன்னால தெரியுதுங்க."

நாச்சிமுத்து ஓரடி முன்னே வந்தார்.

"இந்தப் பயம் போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க. போன பிறகு நானே செஞ்சு ஊட்டறேன்."

கமலவேணி சொல்லைத் தேடினார். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"நாளைக்கு... செஞ்சு எடுத்துட்டு வாங்க. அப்ப சொல்றேன்."

மறுநாள் விடியற்காலையில் நாச்சிமுத்து ஓவனைப் பற்றவைத்தார். கை வழுக்கித் தீக்குச்சிகள் வீணாயின. ஊறின ஓட்ஸை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். வாழைப்பழத்தின் நடுவில் இருந்த கறுப்பு விதைகளைக்கூட வழித்து எடுத்தார். பேரிக்காயின் தோலைச் சீவி, குழைய வேகவைத்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் நசுக்கினார். ஆப்பிளைக் கையில் எடுத்தார். அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கூடையிலேயே திரும்ப வைத்தார்.

மேல்பக்கம் காய்ந்துவிடாமல் இருக்கத் தட்டை மூடி வேகவைத்தார். வாசனை எழுந்தது. கூடத்தில் யாரோ, "ஓட்ஸ்," என்று மெல்லச் சொன்னது கேட்டது. 

கிண்ணத்தோடு அவர் உள்ளே போனபோது, ரெஜினா குருவை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்திருந்தார். தான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

நாச்சிமுத்து கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்தார். கமலவேணி வாயைத் திறக்கவில்லை.

"நீங்க... முதல்ல."

"நானுங்களா?"

"சாப்பிடுங்க."

அவர் வாயில் போட்டுக்கொண்டார். நாக்கில் வைத்ததுமே கரைகிற பதம். இருந்தும் இறங்கவில்லை.  ஒரு குறையும் இல்லாத அவருடைய தொண்டை ஒரு கவளத்தை உள்ளே விட மறுத்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. துப்பிவிடலாமா என்று நினைத்தார். கமலவேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. ஒரு வழியாக அது இறங்கியது.

"ம்," என்று சொல்லிவிட்டுக் கமலவேணி தாடையைத் தாழ்த்தி வாயைத் திறந்தார்.

 கரண்டி கமலவேணியின் பல்லில் தட்டியது. கவளம் உள்ளே போனது. வாய் மெல்ல அசைந்தது. நாச்சிமுத்து அவருடைய தொண்டையைப் பார்த்தபடி, தன் மூச்சையே நிறுத்திக்கொண்டார். தொண்டை மேலேறி, இறங்கியது.

மறுபடி வாய் திறந்தது.

இரண்டாவது வாயும் போனது. அடுத்ததை விழுங்கும்போது கமலவேணிக்கு இருமல் வந்தது.

தோள்கள் குலுங்கின. முகம் சிவந்தது. கண்ணில் நீர் கட்டியது. நாச்சிமுத்து பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டினார். ரெஜினா குனிந்தார். கமலவேணி இடது கையைத் தூக்கி, வேண்டாம் என்று காட்டினார். இன்னும் இருமினார். உள்ளே எதுவோ விலகியது. நீளமாக மூச்சு வாங்கி, விட்டார்.

"இருமறது நல்லதுதான் அண்ணா," என்றார் ரெஜினா. "அன்னிக்கு அந்தச் சத்தமே வரலையே."



"போதுங்கம்மா," என்றார் நாச்சிமுத்து சுவரோரம் நின்றபடி. "இன்னிக்கு இத்தோட நிறுத்திடலாம்."

கமலவேணி தலையை ஆட்டி மறுத்தார். எதிரே இருந்த முக்காலியைக் கண்ணால் காட்டினார். நாச்சிமுத்து வந்து உட்கார வெகுநேரம் ஆயிற்று.

"வழி சொல்றேன்னு சொன்னீங்க."

கமலவேணியின் பார்வை கிண்ணத்துக்குப் போனது.

"எனக்கு நடுக்கம் நிக்கவே இல்லைங்க. உங்களுக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு."

"இருக்குதுங்களா?"

"ரொம்ப."

நாச்சிமுத்து அவருடைய முகத்தைப் பார்த்தார். ஒட்டிய கன்னத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. இடது கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. இவ்வளவு நேரமும் அந்தப் பிடியை அவர் கவனிக்கவில்லை.

"அப்புறம் எப்படிங்கம்மா வாயைத் திறக்கறீங்க?"

கமலவேணி சொல்லைத் தேடவில்லை. அது தயாராக இருந்தது.

"பசிக்குது."