தண்ணீர் வந்தாக வேண்டும்

வீழிநாதரின் இலக்கணப் பள்ளியில் மறைக்காடன்தான் மூத்த மாணவர். வயது ஐம்பது. தேசம் தேசமாகச் சுற்றி நான்கு மொழிகள் கற்றுவந்தவர். ஒன்பது வருடமாக ஒரே நூலை எழுதிக்கொண்டிருந்தார். ஆசிரியர் ஒப்பினால்தான் அது அரங்கேறும்.

அன்று நூல் முடிந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ஓலைக்கட்டை ஆசிரியர் முன் வைத்தார்.

"சாரத்தைச் சொல்லும்," என்றார் வீழிநாதர்.

"வடமொழியில் மனைவியைக் குறிக்க ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் ஆண்பால். அதுவும் பன்மை. வீட்டில் ஒருத்திதான் இருந்தாலும் அப்படித்தான். கடலுக்கு அப்பால் ஒரு மொழியில் சிறுமிக்கு உள்ள சொல் அஃறிணை. அவர்கள் சொல்லின் உருவத்துக்குத் தலையாட்டுகிறார்கள், ஐயா. தமிழ் ஆளைப் பார்க்கிறது. மனிதரை நாம் மாட்டோடும் மரத்தோடும் சேர்ப்பதில்லை."

"குழந்தை அழுதது என்கிறோமே?"

"அது செல்லம், ஐயா."

ஆசிரியர் எழுந்து போய் முற்றத்துத் தொட்டியை எட்டிப் பார்த்தார். அடி காய்ந்து கிடந்தது.

"என்ன இது?"

"இன்று தண்ணீர் வரவில்லை, ஐயா."

"நேற்று?"

"நேற்று வந்தது. பத்துக் குடமும் வந்தது."

"தானாகவா நடந்து வந்தது?"

மறைக்காடன் சிரித்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை.

"வெள்ளச்சி என்று ஒருத்தி. அவள் ஆற்றிலிருந்து சுமப்பாள்."

"இன்று ஏன் சுமக்கவில்லை?"

மறைக்காடன் ஓலைக்கட்டின் கயிற்றைத் தடவினார். சொல்லாமல் தீராது என்று தெரிந்ததும் சொன்னார்.

காலையில் அவள் வாசலில் வந்து நின்றாள். "சாமி, மூணு நாளாக் காய்ச்சல். காலு நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க," என்றாள். மறைக்காடன் நூலின் கடைசி அதிகாரத்தை எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "தண்ணீர் வந்தாக வேண்டும்," என்றார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"பிறகு?"

"பிறகு எழுத்தில் மறந்துவிட்டேன், ஐயா."

வீழிநாதர் செருப்புக்கூடப் போடாமல் நடந்தார். மறைக்காடன் பின்னால் ஓடினார்.

ஆற்றுப் படித்துறையில் மூன்றாவது படியில் அவள் கிடந்தாள். குடம் அவளுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. ஆசிரியர் குனிந்து கையைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. உடம்பு எப்போதோ ஆறிப்போயிருந்தது. மதியம் ஒருவர் வந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்னவோ. பள்ளியிலிருந்து படித்துறை கூப்பிடு தூரம்தான்.

மறுநாள் எரித்தார்கள். குடத்தை யாரோ கொண்டுவந்து தொட்டியருகே வைத்தார்கள்.

நான்காம் நாள் மறைக்காடன் மறுபடி ஓலைக்கட்டோடு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அவர் பொய்யாக அழவில்லை. இதைச் சொல்கிற எனக்கு அதுதான் இன்னும் கசக்கிறது.

"ஒரு ஓலை மாற்றியிருக்கிறேன், ஐயா. உயர்திணைக்கு முதல் எடுத்துக்காட்டு."

வீழிநாதர் வாங்கிப் படித்தார். 'வெள்ளச்சி வந்தாள்' என்று எழுதியிருந்தது.

"இந்த நூல் உள்ளவரை அவள் பெயர் இருக்கும், ஐயா. என்னால் முடிந்தது இவ்வளவுதான்."

ஆசிரியர் இன்னொரு முறை படித்தார். ஓலையைக் கட்டுக்குள் செருகி, கயிற்றை இறுக்கி, மறைக்காடன் கையிலேயே கொடுத்தார்.

"பிழை ஒன்றும் இல்லை. அரங்கேற்றும். எல்லோரும் மெச்சுவார்கள்."

மறைக்காடன் காலில் விழப் போனார். வீழிநாதர் அதற்குள் விலகி, தொட்டியருகே இருந்த குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"உம்முடைய ஓலையில் வந்துவிட்டாள். படித்துறையிலிருந்துதான் இன்னும் வரவில்லை."