தாவுவேன் என்று சொன்ன தேவாங்கு

காட்டாற்றின் இக்கரையில் ஒரு மருதமரம், அக்கரையில் ஒரு நாவல்மரம். இரண்டையும் இணைத்தது ஒரே ஒரு காட்டுக்கொடி. செங்கண்ணி என்ற தேவாங்கு தினமும் அதைப் பிடித்துத்தான் ஆற்றைக் கடக்கும். அடுத்த பிடி கிடைக்காமல் இருக்கிற பிடியை விடாது. தேவாங்குகளுக்குத் தாவவே வராது.

அன்று பொழுது சாயும் நேரம். ஆற்றில் வெள்ளம். செங்கண்ணி தன் குட்டியை மருதமரக் கிளையில் பற்றிக்கொள்ள வைத்தது.

"இங்கேயே இரு கண்ணு! அம்மா பூச்சி பிடிச்சிட்டு வந்துடுறேன்!"

சொல்லிவிட்டு நாவல்மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கருமந்திக் கூட்டம் ஆற்றைத் தாவி வந்தது. தலைமை மந்தி கருவாலனின் வால் கொடியில் சிக்கிக்கொண்டது.

"சனியன் பிடிச்ச கொடி! அறுத்துப் போடப் போறேன். செங்கண்ணி, உனக்கு இது வேணுமா?"

வேணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதற்குள் ஒரு மந்தி, "தேவாங்கு முழிக்கிற முழியைப் பாரு! இது கரை சேர்றதுக்குள்ள மரமே பட்டுப்போயிடும்!" என்று சிரித்தது. எல்லா மந்திகளும் சிரித்தன. செங்கண்ணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கெதுக்குக் கொடி? நானும் தாவுவேன்!"

காடே கேட்கும்படி சொன்னது. பாழாய்ப்போன வாய்! கருவாலன் கொடியைக் கடித்து அறுத்தது. கொடி ஆற்றோடு போனது. மந்திகளும் மலையேறிப் போய்விட்டன.

அப்புறம்தான் செங்கண்ணி மருதமரத்தில் இருக்கும் குட்டியைத் திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு கிளையாக நுனிவரை போய்ப் பார்த்தது. ஒன்றுகூட எட்டவில்லை.

"கருவாலா! திரும்பி வா!" என்று கத்தியது.

"அம்மா, பசிக்குது! தாவி வாம்மா!" என்றது குட்டி.

செங்கண்ணி உடம்பைக் குறுக்கித் தாவப் பார்த்தது. பாவி மகளின் கை கிளையை விடவே இல்லை.

"சரி, நானே வர்றேன்! நீ தாவுவேன்னு சொன்னியே, நானும் உன் பிள்ளைதானே!"

"வேண்டாம் தங்கம்! பொய் சொன்னேன்! எனக்குத் தாவத் தெரியாது!"

சொல்லி முடிப்பதற்குள் குட்டி கையை விட்டுவிட்டது. பாதி தூரம்கூட வரவில்லை.

"எனக்குத் தாவத் தெரியாது, எனக்குத் தாவத் தெரியாது" என்று செங்கண்ணி ஆற்றைப் பார்த்துப் புலம்பிக்கொண்டே இருந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை.

தன்னால் ஆகாததை ஆகும் என்று வீம்புக்குச் சொன்னால், அந்தச் சொல்லை நம்பினவர்கள்தான் முதலில் விழுவார்கள்.