சிவக்காத கால்

மலையோரச் சுகாதார நிலையத்தில் பல வருடம் டாக்டராக வேலை பார்த்துவிட்டு, தோல் மருத்துவ மேற்படிப்புக்கு வந்தவர் ஜெசிந்தா. அவருக்கே சொரியாசிஸ் இருந்தது. முழங்கையிலும் புறங்கையிலும் தோல் சிவந்து தடித்து, செதில் செதிலாக உதிரும். ஒருநாள் காலை, சிகிச்சைக்கு வந்த ஒரு தாய் அந்தக் கையைப் பார்த்ததும் தன் குழந்தையை அவர் தொடவிடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அன்றே ஜெசிந்தா பேராசிரியர் கமருன்னிசாவின் அறைக்குப் போனார். ஆசிரியர் அவரைவிட வயதில் இளையவர்.

"எதிரி யாருன்னு தெரியும் மேடம். என் வெள்ளை அணுக்கள்தான். என் தோலையே தாக்குது. மொத்தமா அடக்கிடணும். இருக்கிறதுலயே கடுமையான மருந்தைக் கொடுங்க."

கமருன்னிசா மறுக்கவில்லை. வார்டில் தாசையன் என்று ஒருவர் இருக்கிறார், அவர் காலுக்கு நீங்களே கட்டுப் போடுங்கள், பிறகு பேசலாம் என்றார்.

தாசையன் ரப்பர் பால் வெட்டுபவர். அவருக்கும் இதே நோய்தான். யாரோ சொன்னார்களென்று, வெள்ளை அணுக்களை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டரைக் கேட்காமலே வருடக்கணக்கில் விழுங்கியிருந்தார். உடம்பில் ஒரு செதில்கூட இல்லை. ஜெசிந்தாவுக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு கட்டைப் பிரித்தார்.

தோட்டத்தில் முள் தைத்ததாம். சிவக்கவில்லை, வீங்கவில்லை, பெரிதாக வலிக்கவும் இல்லை. அதனால் விட்டுவிட்டாராம். உள்ளே கணுக்கால்வரை புரையோடியிருந்தது.

ஜெசிந்தா தினமும் கழுவிக் கட்டினார். பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று அறுவை மருத்துவர்கள் சொன்னபோதும் விடவில்லை. மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். ஒரு காலையில் புண்ணின் ஓரம் சிவந்து, புதுச் சதை அரும்பியிருந்தது. அதே காலையில் தாசையனின் முழங்கையில் ஒரு செதிலும் எட்டிப் பார்த்தது.

ஜெசிந்தா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கமருன்னிசா அருகில் வந்து நின்றார்.

"ரெண்டு இடத்துக்கும் வந்திருக்கிற வெள்ளை அணுக்கள் ஒரே ஆட்கள்தானா மேடம்?"

"ஒரே ஆட்கள்தான்."

"அப்போ கையில ஏன் இப்படி?"

"அங்க முள் இல்ல. ஆனா ஆபத்துன்னு ஒரு தப்பான சேதி போய்க்கிட்டே இருக்கு. அதை நம்பி ஓடி வர்றாங்க. வர்றவங்களை அடிக்க வேண்டாம். அந்தச் சேதியை மட்டும் நிறுத்துற ஊசி இருக்கு. புண் ஆறினதும் அவருக்குப் போடுவோம். உங்களுக்கு, டெஸ்ட் எடுத்துட்டு இந்த வாரமே."

ஜெசிந்தா கையுறையைக் கழற்றினார்.

"நிறுத்தினாலும் திரும்ப வரலாம்னு படிச்சிருக்கேன்."

"வரலாம்."

"வந்தா?"

"திரும்பவும் நிறுத்துவோம்," என்றார் கமருன்னிசா.