மாரெக்குக்குப் போட்ட இலை

மேற்குமலை அடிவாரத்தில், பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடமெல்லாம் இல்லை. வந்தவருக்கு ஒரு இலை, கேட்டவருக்கு ஒரு பதில், அவ்வளவுதான் அங்கே வழக்கம். வாசலில் யாராவது காத்திருந்தால் அவர்களுக்கு இலை போட்ட பிறகுதான் சாமி கை நனைப்பார். கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரும் அவருக்கு வாசலில் நிற்கிறவர்தான்.

சாமிக்கு நாற்பது வயசு. சீடர் பலவேசத்துக்கு அறுபது நெருங்குகிறது. கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்துவிட்டு வந்தவர். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் பதில் போடுவது அவர் வேலை. போன வருஷம் அவர் எழுதிய பதில் ஒன்றை யாரோ இன்டர்நெட்டில் போட்டு, நாலு பேர் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். மடத்துப் பேர் நம்மால் கெட்டதே என்று மனுஷனுக்கு அது முள்ளாக உள்ளே நின்றுவிட்டது. அன்றிலிருந்து இங்கிலீஷைத் திருத்திக் கொடுக்கிற வெப்சைட் எத்தனை உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

ஒரு செவ்வாய்க்கிழமை போலந்திலிருந்து மெயில் வந்தது. மாரெக் என்று ஒரு லாரி டிரைவர். முன்பு ஒருமுறை மனைவியோடு வந்து மூன்று நாள் தங்கி, சமையல்கட்டில் உட்கார்ந்து கண்ணீர் வடிய வடிய சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தவர். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். பலவேசம் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னார்.

"மனைவி போய்விட்டாள். வீடு ரொம்பப் பெரிசு. பகலுக்கு லாரி இருக்கிறது. சாயங்காலம் எப்படி உட்காருவது, சாமி?"

"விளக்கைப் போடு. ரெண்டு தட்டு வை. ஒண்ணு எனக்கு. இதை எழுதி அனுப்பும்" என்றார் சாமி.

எழுதுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதியதை எடுத்து ஒரு வெப்சைட்டில் போட்டார் பலவேசம். அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. இன்னொன்றில் போட்டார். வாக்கியம் மொட்டையாக இருக்கிறது என்றது. மற்றொன்று, தொனி அதட்டலாக இருக்கிறது, பணிவு சேர்க்கலாம் என்றது. பணிவு சேர்த்ததும் முதலாவது வெப்சைட், வளவளவென்று இருக்கிறது, குறை என்றது.

மறுநாள் மத்தியானம் சாமிக்குப் பக்கத்தில் ஒரு இலை கூடுதலாக விழுந்தது. சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் வைத்தார்கள்.

"மாரெக்குக்கு" என்றார் சாமி. "அனுப்பிட்டீரா?"

"இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும் சாமி."

பந்தி முடிந்ததும் அந்தச் சோறு பசுவுக்குப் போயிற்று.

அதற்கடுத்த நாளும் அப்படியே. துக்கம் விசாரிக்க மாதிரிக் கடிதங்கள் என்று நாற்பதை வரிசையாக வைத்திருந்தது ஒரு வெப்சைட். அத்தனையும் வாசித்தார் பலவேசம். மூன்று வரி ஒரு பக்கமாயிற்று, மறுபடி ஆறு வரியாயிற்று. சமையல்கட்டில் இருந்த செண்பகவடிவு, கடுதாசி எழுதுறீரா இல்லே கல்யாணப் பத்திரிகை அடிக்கிறீரா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர் காதில் வாங்கவில்லை. நூற்றுக்கு எழுபத்திரண்டு மார்க் வாங்கியிருந்தது கடிதம்.

ஏழாம் நாள் சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"மாரெக் எழுதுனதுல எத்தனை தப்பு இருந்துது?"

பலவேசம் யோசித்தார்.

"நான் பார்க்கலியே சாமி."

பலவேசம் எழுந்து கை கழுவிவிட்டுப் போய் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தொண்ணூற்றொன்று.

பதினோராம் நாள் நூறு வந்தது. எந்த வெப்சைட்டிலும் ஒரு கோடு கிடையாது. காலையில் ஒருதரம் வாசித்துவிட்டு அனுப்பலாம் என்று மூடி வைத்தார். இத்தனை நாள் பொறுத்தாயிற்று, ஒரு ராத்திரிதானே என்று நினைத்தார்.

காலையில் தோட்ட வேலை இழுத்துவிட்டது. அனுப்ப உட்காரும்போது பந்திக்கு இலை போட்டாயிற்று. திறந்தால், அவருக்கு முன்னால் ஒரு மெயில் வந்து நின்றது. வாசித்தார். எழுந்து பந்திக்கு வந்தார். மாரெக்கின் இலையில் அப்போதுதான் சோறு விழுந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டு அம்மா எழுதியிருக்காங்க சாமி. ரெண்டு நாளா லாரி எடுக்கலியேன்னு கதவைத் தட்டியிருக்காங்க. மேசையில கம்ப்யூட்டர்ல நமக்கு எழுதுன கடுதாசி திறந்தபடி இருந்துதாம். விளக்குப் போடலியாம். உட்கார்ந்தபடியே போயிட்டாராம்."

அந்த அம்மாள் எழுதியதிலும் தப்புகள் இருந்திருக்கும். பலவேசத்தின் கண்ணுக்கு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

சாமி பக்கத்து இலையைச் சோற்றோடு, துக்க வீட்டில் மூடுவதுபோல் எதிர்ப்பக்கமாக மடித்து மூடினார். தம் இலையையும் அப்படியே மூடினார்.

மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்து போனார்கள். பந்தியில் வேறு ஒருவரும் இல்லை.

"அந்தப் பதிலை என்ன செய்ய, சாமி?"

சாமி எழுந்தார்.

"இனி அவசரம் இல்லை. நிதானமாத் திருத்தும்."